பறவைப் பைத்தியம் பிடித்த கலெக்டர்

ஆரணிப் பட்டுச் சேலையின் கரையில் மயில் நடக்கும். அன்னம் நீந்தும். கிளி தலை சாய்த்து நிற்கும். பட்டு நூலையும் ஜரிகையையும் வைத்துக்கொண்டே இத்தனை பறவைகளுக்கும் நெசவாளர் உயிர் கொடுத்துவிடுகிறார்.

அதே வீட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதில் எத்தனை வகைப் பறவை வந்து உட்காருகிறது? காக்கை, குருவி, மைனா, கிளி. அதற்கு மேல் பெயர் சொல்லத் திணற வேண்டியிருக்கும். ஆரணியில் மட்டும் அல்ல, எந்த ஊரிலும் இதே கதைதான்.

இந்தியாவில் உள்ள எல்லா மரங்களையும் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர் ஒருவர் இருந்தார். விடை தேடி ஏறக்குறைய 25 வருஷம் அலைந்தார். சொந்தப் பணத்தைத் தண்ணீராகச் செலவு செய்தார். முடிவில், ஒரு வேலைக்காரனின் கை அவருடைய உழைப்பில் பெரும்பகுதியைப் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டது.

அவர் விஞ்ஞானி அல்ல. பறவைகளைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. அவர் ஒரு கலெக்டர். வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது, உப்புக்குக் காவல் போடுவது இவைதான் அவருக்குச் சம்பளம் வாங்கித் தந்த வேலை. பறவை ஆராய்ச்சி எல்லாம் ஓய்வு நேரத்தில்தான்.

அவர் பெயர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம்.

ஆம், அதே ஹியூம்தான்! 1885-ம் வருஷம் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கியவர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அந்த வெள்ளைக்காரர்தான் இவர்.

முதல் நஷ்டம்

ஹியூம் 1829-ல் பிறந்தார். தகப்பனார் ஜோசப் ஹியூம், கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக இந்தியாவுக்கு வந்து பணம் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பியவர். பிறகு இங்கிலாந்துப் பார்லிமெண்டில் உறுப்பினர் ஆனார். சர்க்கார் காசு வீணாகிறதா என்று ஒவ்வொரு செலவையும் துருவித் துருவிக் கேட்பவர் என்று பெயர் எடுத்தவர். துருவிக் கேட்கும் குணம் மகனுக்கும் வந்தது. மகன் கேட்டது பறவைகளைப் பற்றி.

கம்பெனி உத்தியோகத்துக்கு ஆள் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் ஹியூம் படித்தார். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்தியமும் கற்றார். 1849-ல் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தார். அப்போது வயது 20.

வட இந்தியாவில் ஆக்ராவுக்கும் கான்பூருக்கும் நடுவே, யமுனைக் கரை ஓரம், எட்டாவா என்று ஒரு ஜில்லா. அங்கே அவருக்கு உத்தியோகம். சில வருஷங்களில் ஜில்லாவின் தலைமை அதிகாரி ஆகிவிட்டார்.

வந்த புதிதிலேயே அவர் பள்ளிக்கூடங்கள் கட்டத் தொடங்கினார். 1857-ல் எட்டாவா ஜில்லாவில் 181 பள்ளிகள் நடந்தன. படித்தவர்கள் 5,186 பேர். அதில் பெண் குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் விடாமல் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணுவதில் ஹியூமுக்கு அப்படி ஓர் ஆசை.

அதே ஊரில் அவர் பறவைகளைச் சேர்க்கவும் ஆரம்பித்திருந்தார். சுட்ட பறவையின் தோலை இறகோடு உரித்து, பதப்படுத்தி, பெயர் எழுதி அடுக்கி வைப்பார்.

1857-ல் சிப்பாய்க் கலகம் வெடித்தது. எட்டாவாவிலும் தீ பரவியது. தமக்கு வேண்டிய உள்ளூர்க்காரர்களின் உதவியால் ஹியூம் உயிர் தப்பி ஆக்ராக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். பல மாதம் கழித்துத் திரும்பி வந்து ஜில்லாவை மீண்டும் கைக்குள் கொண்டுவந்தார். மற்ற ஜில்லாக்களில் கிராமம் கிராமமாகத் தூக்குமரம் நட்டார்கள். எட்டாவாவில் அவர் தூக்குத் தண்டனை கொடுத்தது ஏழு பேருக்கு. இவ்வளவு இரக்கம் கூடாது என்று மேலதிகாரிகள் சிலர் முகம் சுளித்தார்கள்.

உயிரும் உத்தியோகமும் மிஞ்சின. சேர்த்த பறவைகள் மிஞ்சவில்லை. அத்தனையும் போய்விட்டது.

வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஹியூம் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒரு ஜில்லாவின் பறவைகள் போதாது, இந்தியா முழுவதும் உள்ள பறவைகளைச் சேர்ப்பது என்று முடிவு கட்டினார்.

முள் வேலித் துரை

1867-ல் அவருக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்தது. உள்நாட்டுச் சுங்கத்துக்குக் கமிஷனர். பெயர் கௌரவமாக இருக்கிறது. வேலை என்ன என்று கேட்டால் அப்படி ஒன்றும் கௌரவம் இல்லை.

உப்பின் மேல் வெள்ளைக்கார சர்க்கார் கடுமையான வரி போட்டிருந்தது. வரி கட்டாத உப்பு உள்ளே வந்துவிடக் கூடாது என்று, வட இந்தியாவுக்குக் குறுக்கே சுமார் 2,500 மைல் நீளத்துக்கு ஒரு காவல் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் பெரும்பகுதியில் வேலியும் எழுப்பினார்கள். கருவேல், இலந்தை, களா, சப்பாத்திக் கள்ளி என்று கைக்குக் கிடைத்த முள் செடி எல்லாம் அதில் உண்டு. காவலுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள். ஏழை வாங்கும் ஒரு பிடி உப்புக்கு இத்தனை ஏற்பாடு!

இந்த வேலியை இன்னும் அடர்த்தியாக, இன்னும் உயரமாக வளர்த்தவர்களில் ஹியூமும் ஒருவர். அவருடைய வாழ்க்கையில் இது ஒரு கறைதான். பிற்பாடு ராஜபுதனத்து மன்னர்களோடு உப்பு ஒப்பந்தம் பேசி, வேலிக்கே தேவை இல்லாமல் செய்யும் வேலையைத் தொடங்கியவர்களிலும் அவர் உண்டு. 1879-ல் அந்தக் காவல் கோட்டைக் கைவிட்டார்கள்.

வேலியைப் பார்வையிட அவர் மைல் கணக்கில் சுற்ற வேண்டியிருந்தது. பாலைவனம், காடு, ஆற்றுப் படுகை என்று எத்தனையோ விதமான நிலம். போகிற இடம் எல்லாம் பறவை. பகலில் சுங்கம், இரவில் கூடாரத்து விளக்கடியில் பறவைத் தோல். அவருடைய சேமிப்பு மலைபோல் வளர்ந்தது.

அதே 1867-ல் இமயமலையில், சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு சிறு பறவை அவர் கைக்கு வந்தது. தவிட்டு நிறம். சிட்டுக்குருவி அளவுகூட இல்லை. அலகு மட்டும் கொஞ்சம் பெரியது. எந்தப் புத்தகத்திலும் அந்த ஜாதியைக் காணோம். ஊரையும் தேதியையும் எழுதி அதன் காலில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். இந்தக் குருவியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பின்பகுதியில் அது திரும்பி வரும்.

ஊர் ஊராகக் கடிதம்

இந்தியா எவ்வளவு பெரிய தேசம்! ஒரே மனிதர் எத்தனை ஊருக்குப் போக முடியும்?

ஹியூமுக்கு முன்பே ஜெர்டன் என்ற ராணுவ டாக்டர், நெல்லூரிலும் சென்னை ராஜதானியின் வேறு பல ஊர்களிலும் இருந்து பறவைகளைப் பார்த்து, 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டிருந்தார். நல்ல புத்தகம்தான். ஆனாலும் அதில் காலியான இடங்கள் நிறைய. அவற்றை நிரப்ப இன்னும் பல கண்கள் வேண்டும் என்று ஹியூம் கண்டுகொண்டார்.

அவர் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

யாருக்கு? காட்டு இலாகா அதிகாரிக்கு. ரயில் பாதை போடும் என்ஜினீயருக்கு. தேயிலைத் தோட்டக்காரருக்கு. பட்டாளத்து டாக்டருக்கு. எங்கோ மூலையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, பொழுது போகாமல் ஜன்னல் வழியே பறவை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும். உங்கள் ஊரில் என்ன பறவை உண்டு, எந்த மாதம் வருகிறது, எந்த மரத்தில் கூடு கட்டுகிறது, எத்தனை முட்டை இடுகிறது என்று கேட்டு எழுதினார்.

பதில்கள் வந்தன. ஒன்றல்ல, நூறல்ல. பெரிதும் சிறிதுமாக அவருக்குக் குறிப்பு அனுப்பியவர்கள் 200 பேருக்கு மேல் என்று சொல்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் நமது நீலகிரியில் இருந்தார். கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் அம்மையார். சேலம் கலெக்டராக இருந்தவரின் மகள். ஹியூம் பிறந்த அதே 1829-ல்தான் அவரும் பிறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீலகிரிப் பறவைகளையும் செடிகளையும் வர்ணத்தில் எழுதுவதிலேயே அவர் காலம் போயிற்று. எந்தப் பறவை எப்போது கூடு கட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து ஹியூமுக்கு எழுதி அனுப்பினார். பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறக்காத காலம் அது. ஹியூமின் புத்தகத்தில் அந்த அம்மையாரின் பெயர் பல இடங்களில் மரியாதையோடு வருகிறது. அவர் எழுதிய படங்கள் இப்போது லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன.

ஊட்டி அரசாங்கத் தோட்டத்தில் டேவிசன் என்று ஒரு வாலிபர் வேலை பார்த்தார். பறவையை உரித்துப் பாடம் செய்வதில் கெட்டிக்காரர். அவரை ஹியூம் தம்முடைய சொந்தச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு பர்மாக் காடுகளுக்கு அனுப்பினார். நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் எதிரே, கடலுக்கு அப்பால் கிடக்கும் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கு 1873-ல் ஹியூமே நேரில் போனார்.

எழுதி அனுப்பியவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தார்கள். அதற்கும் வழி செய்தார். 1872-ல் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு உதிர்ந்த இறகுகள் என்று பொருள்படும் பெயர் வைத்தார். அசாமில் ஒருவர் பார்த்ததை சிந்துவில் ஒருவர் படித்தார். அது தப்பு என்று தோன்றினால் மறுத்து எழுதினார். பண்டிதர்களின் பத்திரிகையாக அது நடக்கவில்லை. உத்தியோகம் ஒன்று, ஆசை ஒன்று என்று இருந்தவர்களின் பத்திரிகையாக நடந்தது.

ஆரணியில் உள்ளவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பட்டுச் சேலை ஒரே கையில் முடிவதில்லை. ஒரு வீட்டில் சாயம் போடுகிறார்கள். ஒரு தெருவில் பாவு ஓடுகிறார்கள். அச்சு பிணைக்க ஒருவர், நெய்ய ஒருவர். இத்தனை கைகளும் சேர்ந்தால் ஒரு சேலை. ஹியூமின் பறவைப் புத்தகமும் அப்படித்தான் நெய்யப்பட்டது.

எப்படிப் பாடம் செய்வது?

ஆசை மட்டும் இருந்தால் போதாது, வேலை தெரிய வேண்டும். அதற்காக 1874-ல் ஒரு சிறு கைப்புத்தகம் போட்டார். பறவையைப் பிடிப்பது, பாடம் செய்வது, பெட்டியில் அடுக்கி அனுப்புவது எல்லாம் அதில் உண்டு. வீட்டில் இருந்தபடியே உயிர்நூல் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு இந்தியாவில் வந்த ஆரம்பகாலப் பாடப்புத்தகங்களில் அது ஒன்று என்று சொல்லலாம்.

அந்த வேலை இப்படி நடக்கும்: பறவை கைக்கு வந்தவுடன் அதன் நீளம், சிறகு, வால், அலகு எல்லாவற்றையும் அளக்க வேண்டும். கண்ணின் நிறத்தையும் காலின் நிறத்தையும் அப்போதே எழுதிவிட வேண்டும். நேரம் ஆனால் இரண்டும் மங்கிவிடும். பிறகு வயிற்றில் மெல்லக் கீறி, தோல் கிழியாமல், ஓர் இறகு உதிராமல் சதையை எடுத்துவிட வேண்டும். தோலின் உள்பக்கம் பாஷாணம் கலந்த சோப்பைத் தடவுவார்கள். அப்போதுதான் பூச்சி அரிக்காது. அப்புறம் பஞ்சு அடைத்துத் தைத்துவிடுவார்கள்.

கடைசியாகச் சீட்டு. எந்த ஊர், எந்தத் தேதி, ஆணா பெண்ணா, பிடித்தது யார். இதை எழுதிக் காலில் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்குச் செல்லாக் காசு.

இத்தனை பறவைகளைக் கொன்றாரே, இது பாவம் இல்லையா என்று இன்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இன்று இருக்கும் காமிராவும் நல்ல தூரக்கண்ணாடியும் அன்று இல்லை. கையில் வைத்துப் பார்த்தால் ஒழியப் பல பறவைகளை அடையாளம் காண முடியாது. ஹியூமுக்கே பிற்காலத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. 1880-களின் தொடக்கத்தில் பிளாவட்ஸ்கி அம்மையாரின் தியாசபி சங்கத்தில் அவர் சேர்ந்தார். நமது அடையாற்றில் இருக்கும் அதே சங்கம். சங்கத் தலைவர்களோடு கொஞ்ச நாளிலேயே பிணக்கு வந்து விலகிவிட்டார். ஆனாலும் மாமிசம் சாப்பிடுவதை விட்டார். பறவைகளைக் கொல்லுவதிலும் அவருக்கு மனம் விட்டுப் போயிற்று.

இன்னொரு குறையும் உண்டு. அவருக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். காட்டில் வழி காட்டியவர்கள், மரம் ஏறிக் கூடு பார்த்தவர்கள், கை நோக உட்கார்ந்து தோல் உரித்தவர்கள் இந்தியர்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.

சிம்லா மாளிகை

1871-ல் விவசாய, வருவாய், வர்த்தக இலாகாவுக்கு ஹியூம் செயலாளர் ஆனார். பெரிய பதவி. சிம்லாவில் ஜாக்கோ மலைமேல் ராத்னி மாளிகையை வாங்கி, அங்கே பறவைகளுக்கென்றே ஒரு மியூசியம் அமைத்தார். ஆசியக் கண்டத்தின் பறவைகள் இவ்வளவு அந்தக் காலத்தில் வேறெங்கும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. எல்லாம் சொந்தச் செலவு.

மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது அவர் சுபாவம். அதற்குப் பலன் கிடைத்தது. 1879-ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கிக் கீழே அனுப்பினார்கள். 1882-ல் வேலையை விட்டுவிட்டார்.

அதற்கு முந்திய வருஷம் மணிப்பூருக்குப் போயிருந்தார். அவர் செய்த கடைசிப் பறவைப் பிரயாணம் அதுதான். அங்கே அதுவரை யாரும் விவரித்திராத ஒரு மலைக்கோழி கிடைத்தது. நீண்ட வால், பளபளக்கும் கழுத்து. அதற்குத் தம் மனைவியின் பெயரை வைத்தார். மணிப்பூர், மிசோரம் இரண்டு மாநிலங்களுக்கும் அதுதான் இன்று மாநிலப் பறவை.

உத்தியோகம் போனது ஒரு வகையில் நல்லதாயிற்று. இனிமேல் முழு நேரமும் உட்கார்ந்து, இந்தியப் பறவைகள் எல்லாவற்றையும் பற்றி ஒரே மகா கிரந்தமாக எழுதிவிடலாம். குறிப்புகள் எல்லாம் கட்டுக் கட்டாகத் தயாராக இருந்தன.

எடைக்குப் போன காகிதம்

சிம்லாவில் குளிர்காலத்தில் பனி கொட்டும். வெள்ளைக்காரர்கள் மலையை விட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். ஹியூமும் அப்படி ஒரு தடவை வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து மியூசியத்தைத் திறந்தார்.

காகிதக் கட்டுகளைக் காணோம்!

அவர் இல்லாத நேரம் பார்த்து வேலைக்காரன் ஒருவன் மியூசியத்துக்குள் புகுந்திருக்கிறான். பறவைகளை அவன் தொடவில்லை. கடையில் விலை போகக்கூடியது காகிதம்தான் என்று நினைத்திருக்கிறான். கையெழுத்துப் பிரதிகளை மூட்டை மூட்டையாகக் கட்டி எடுத்துப்போய்ப் பழைய காகித விலைக்கு விற்றுவிட்டான். போன காகிதம் பவுண்டுக் கணக்கில் அல்ல, பல நூறு பவுண்டு எடை.

அதில் என்ன இருந்தது? சுமார் 700 வகைப் பறவைகளின் முழு வாழ்க்கை வரலாறு. ஏறக்குறைய 25 வருஷ உழைப்பு. அவர் கண்ணால் பார்த்தது மட்டுமா? எத்தனையோ ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் பார்த்து எழுதியதன் சாரமும் அதில்தான் இருந்தது. பஜாரில் பழைய காகிதம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பருப்பும் மிளகாயும் பொட்டலம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்விடும்.

வேலைக்காரனைத் திட்டி என்ன பயன்? அவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். எட்டாவாவில் 181 பள்ளிக்கூடம் நடத்தியவருக்கு இப்படி ஓர் அடி!

1857-ல் எல்லாம் போனபோது ஹியூமுக்கு வயது 28. மறுபடி தொடங்கினார். இப்போது 50-ஐத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை அவர் தொடங்கவில்லை. மகா கிரந்தம் எழுதும் எண்ணத்தையே விட்டுவிட்டார்.

மிச்சம் இருந்த பறவைகளையாவது காப்பாற்ற வேண்டும். பூச்சி அரித்துச் சுமார் 20,000 தோல்களை அவரே அழிக்கும்படி ஏற்கெனவே நேர்ந்திருந்தது. எல்லாவற்றையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஒரு பவுன்கூட விலை கேட்கவில்லை.

1885-ல் ஷார்ப் என்ற மியூசிய அதிகாரி லண்டனிலிருந்து சிம்லாவுக்கு வந்தார். பார்த்தவர் பிரமித்துப் போனார். மூட்டை கட்டவே நெடுநாள் ஆயிற்று. தேவதாரு மரத்தில் 47 பெட்டி. ஒவ்வொன்றும் சுமார் அரை டன். சுமார் 82,000 பறவைத் தோல்கள், முட்டைகள், கூடுகள். மலைப்பாதையில் இறங்கிக் கப்பல் ஏறி எல்லாம் லண்டன் போய்ச் சேர்ந்தன.

இந்தியப் பறவைகள் இந்தியாவில் அல்லவா இருந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் நமக்கு ஏற்படுவது இயல்பு. லண்டனுக்குப் பக்கத்தில் டிரிங் என்ற ஊரில்தான் இன்றும் அவை இருக்கின்றன. திருட்டுக்குத் தப்பிய குறிப்புகளை நண்பர் ஓட்ஸிடம் ஹியூம் ஒப்படைத்தார். பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய மூன்று பாகப் புத்தகமாக, 1889-ல் தொடங்கி 1890-க்குள் ஓட்ஸ் அவற்றை அச்சேற்றினார்.

அதே வருஷம் டிசம்பர்

பறவைகள் கப்பல் ஏறிய அதே 1885-ல், டிசம்பர் 28-ந்தேதி, பம்பாயில் 72 பேர் கூடினார்கள். காங்கிரஸ் மகாசபையின் முதல் கூட்டம். நமது தமிழ்நாட்டு ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

இந்த 72 பேரைக் கூட்ட ஹியூம் என்ன செய்தார்? 1883 மார்ச் 1-ந்தேதி கல்கத்தா சர்வகலாசாலைப் பட்டதாரிகளுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். தேசத்துக்கு உழைக்க 50 பேர் முன்வர வேண்டும் என்று கேட்டார். பிறகு ஊர் ஊராகப் போனார், ஊர் ஊராக எழுதினார். பம்பாயில் ஒருவர், சென்னையில் ஒருவர், பூனாவில் ஒருவர் என்று தனித்தனியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்களை ஒருவருக்கு ஒருவர் தெரிய வைத்தார்.

பறவைக்காரர்களைச் சேர்த்ததும் இதே வழியில்தானே! அந்தப் பழக்கம்தான் இங்கும் அவருக்குக் கைகொடுத்தது என்று தோன்றுகிறது.

1894-ல் இந்தியாவை விட்டுப் போகும்வரை காங்கிரசுக்காக ஓடி ஓடி உழைத்தார். அந்தக் கதையைச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள்.

லண்டனில் குடியேறிய கிழவருக்கு மறுபடியும் பைத்தியம் பிடித்தது. இப்போது செடிப் பைத்தியம். வயல் வரப்பிலும் ரோட்டு ஓரத்திலும் அலைந்து செடிகளைப் பறித்துக் காயவைத்து ஒட்டினார். 1910-ல் தென் லண்டனில் ஒரு வீட்டை வாங்கி, தாவரச் சங்கம் ஒன்றை அமைத்தார். பட்டம் பெற்றவர்கள் வேண்டாம், பகல் எல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் செடி பார்க்க ஆசைப்படுகிற சாதாரண மனிதர்கள் வர வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தச் சங்கம் அதே வீட்டில் இன்றும் நடக்கிறது.

1912 ஜூலை 31-ந்தேதி ஹியூம் காலமானார். வயது 83. செய்தி எட்டாவாவுக்கு எட்டியது. அவர் அங்கிருந்து போய் 45 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊர்க் கடைத்தெருவை மூடினார்கள்.

குருவி திரும்பி வந்தது

சட்லெஜ் பள்ளத்தாக்கில் கிடைத்த குருவி என்ன ஆயிற்று?

அந்த ஜாதியில் இரண்டாவது குருவியை யாரும் உயிரோடு பார்த்து உறுதி செய்யவில்லை. வருஷங்கள் போயின. ஹியூம் போனார். இப்படி ஒரு ஜாதி உண்டா, அல்லது வேறு ஏதோ குருவியைத் தவறாக எழுதிவிட்டாரா என்று அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். சாட்சிக்கு இருந்தது மியூசியப் பெட்டியில் கிடந்த ஒரே ஒரு தோல், அதன் காலில் ஒரு சீட்டு.

2006-ல் தாய்லாந்தில், பாங்காக்குக்குத் தெற்கே, சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஒரு நிலையத்தின் அருகே பறவை ஆராய்ச்சியாளர் ஒருவர் வலை கட்டியிருந்தார். தவிட்டு நிறக் குருவி ஒன்று சிக்கியது. அலகு கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவருக்குப் பொறி தட்டியது. இரண்டு இறகை மட்டும் எடுத்துக்கொண்டு குருவியைப் பறக்க விட்டார். இறகு சுவீடனுக்குப் போயிற்று. அங்கே அதன் மரபணுவையும் ஹியூமின் குருவியினுடைய மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இரண்டும் ஒரே ஜாதி! 139 வருஷத்துக்குப் பிறகு அந்தக் குருவி உயிரோடு கிடைத்துவிட்டது. சில வருஷங்களில், ஆப்கானிஸ்தானத்து மலைகளில் அது குஞ்சு பொரிக்கும் இடத்தையும் கண்டுபிடித்தார்கள்.

இப்போது பறவையைச் சுடவும் வேண்டாம், தோலை உரிக்கவும் வேண்டாம். சட்டமும் அதை அனுமதிக்காது. ஹியூம் கடிதம் எழுதித் திரட்டிய தகவலைக் கைபேசியிலேயே அனுப்பிவிடலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், விவசாயிகள் என்று யார் வேண்டுமானாலும் அதில் சேரலாம்.

ஆரணியில் தறியை நிறுத்திவிட்டுப் பண்டிகை கொண்டாடும் வீட்டிலும் செய்யலாம். மாடியிலோ, தெருத் திண்ணையிலோ, கமண்டல நாக நதிக் கரையிலோ 15 நிமிஷம் உட்கார வேண்டும். கண்ணில் பட்ட பறவை எது, எத்தனை என்று எழுத வேண்டும். பெயர் தெரியாத பறவை வந்தால் ஊகித்து எழுதக் கூடாது. நிறம், அளவு, அலகு, வால் இவற்றைக் குறித்துக்கொண்டு, தெரிந்தவர்களைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஊர், தேதி, நேரம் மூன்றையும் எழுத மறக்கக் கூடாது.